இராயப்பரின் வெள்ளித் திறப்பு

சொர்க்க வாசலைப் பூட்டித் திறக்கிற திறப்பு இராயப்பர் கையில் இருக்கிறது. அது வேதத்தில் உள்ளது. அந்தத் திறப்பைக் கறையான் தின்றுவிட்டது. அது வேதத்தில் இல்லை; ஆனால் கொட்டாஞ்சேனை வலைக்காரர் ஒழுங்கைக் கோவிலில் நடந்தது.

கோட்டையில் லொறிக் குண்டு வெடித்த வருடம் அது. சந்திக்குச் சந்தி மணல் மூட்டை. தமிழில் தும்மினால் அடையாள அட்டையைக் கேட்பார்கள். இரவில் வீடுவீடாகத் தட்டி ஆட்களை எண்ணுவார்கள். விடியும்போது எண்ணிக்கை குறைந்திருக்கும். இதெல்லாம் இருந்தாலும் ஆனி மாதத் திருநாள் நடந்தாக வேண்டும். திருநாள் என்றால் திறப்பு முத்தி நடந்தாக வேண்டும்.

திறப்பு முத்தி என்பது அந்தக் கோவிலின் பழைய வழக்கம். பீடத்தில் நிற்கிற இராயப்பர் சுருவத்தின் கையிலிருக்கும் முழநீள மரத் திறப்பைத் திருநாளுக்கு முதல் நாள், வேஸ்பர் ஆராதனை மாலையில் கழற்றி எடுப்பார்கள். பங்குச் சுவாமி அதைப் பட்டுத் துணியில் ஏந்திக்கொண்டு நிற்பார். சனம் ஒவ்வொருவராக வந்து முத்தமிடும். முத்தி செய்தவனுக்குச் சாகிற நேரம் கதவு திறக்கும் என்பது நம்பிக்கை. கதவு எல்லாருக்கும் ஒன்றுதான். வரிசைதான் வேறு. முதலில் பங்குச்சபைத் தலைவர் குடும்பம், பிறகு சபைக்காரர், பிறகு பாட்டுக்காரர், பிறகு கந்தோர் உத்தியோகத்தர், பிறகு கடைக்காரர். கடைசியில் துறைமுகத்து ஆட்களும் கிடங்கு வேலைக்காரரும். அவர்கள் போகும்போது திறப்பு ஈரமாக இருக்கும்.

பேர்னாட் கடைசி வரிசைக்காரன். ஒருகொடவத்தைக் கிடங்கில் கொள்கலன்களிலிருந்து கோதுமை மா மூட்டை இறக்குகிறவன். இவ்வளவு வருடம் ஊரின் எச்சிலைத்தான் முத்தி செய்து வந்திருக்கிறோம் என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவனுக்கு அதில் குறையும் இல்லை.

கறையான் விசயம் வெளியில் தெரிந்ததும் சபைத் தலைவர் செபஸ்தியன் எழும்பினார். அவர் ஏற்றுமதி வியாபாரி. வெள்ளவத்தையில் மாடி வீட்டுக்குக் குடிபோய் வருடக் கணக்காகிவிட்டது. தலைமைப் பதவியை மட்டும் கொட்டாஞ்சேனையிலேயே வைத்திருந்தார். தன் தகப்பனாரின் நினைவாகச் சுத்த வெள்ளியில் திறப்பு செய்து தருவதாகச் சொன்னார். கொடியேற்றத்தன்று பங்குச் சுவாமி கிளெமென்ற் அடிகளார் அதைப் பீடத்திலிருந்து அறிவித்தார். சனம் கைதட்டியது. மறுநாளே சுவரில் பளிங்குக் கல் ஏறியது: ‘இத் தூய வெள்ளித் திறப்பு’ என்று தொடங்கி, தகப்பனாரின் பெயரைவிடச் செபஸ்தியனின் பெயர் பெரிய எழுத்தில்.

கல் வந்தது. வெள்ளி வரவில்லை.

திருநாள் நெருங்கியதும் சுவாமி றேமண்டைக் கூப்பிட்டார். றேமண்ட், பேர்னாடின் மனைவி மரியகொறற்றியின் தம்பி. மன்னாரில் சண்டைக்குத் தப்பி அக்கா வீட்டில் வந்து ஒதுங்கியவன். பெயின்ற் வேலை செய்கிறவன். தவக்காலம் முழுவதும் கோபுரத்தில் கயிறு கட்டித் தொங்கி அந்தக் கோவிலுக்குச் சுண்ணாம்பு அடித்தவன். கூலி கேட்காதவன். சுவாமி கொடுத்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன்.

சுவாமி அவனிடம் பழைய திறப்பைக் கொடுத்து, இப்போதைக்கு வெள்ளி மாதிரித் தெரியட்டும், உண்மையான வெள்ளி திருநாளுக்குப் பிறகு வரும் என்றார். றேமண்ட் கறையான் ஓட்டைகளைப் புட்டிப் பசையால் அடைத்தான். அரத்தாள் போட்டுத் தேய்த்தான். சந்தியில் ஜாபிரின் கடையில் அலுமினியத் தூள் வாங்கி, எண்ணெயில் குழைத்துப் பூசினான். திறப்பு பளபளத்தது. மேலே வார்னிஷ் ஒரு தடவை அடித்தால்தான் தூள் கையில் ஒட்டாது என்றான். நாளைக்கு வந்து அடி மகனே என்று சுவாமி சொன்னார்.

நாளைக்கு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் காவலரணில் அவனை மறித்தார்கள். பையில் பால்மாத் தகர ரின். ரின்னுக்குள் மிச்சத் தூள். அடையாள அட்டையில் மன்னார்.

அலுமினியத் தூள் குண்டுக்கும் போகிற சாமான் என்பது றேமண்டுக்குத் தெரியாது. அடித்துத்தான் தெரியப்படுத்தினார்கள்.

விசயம் கேள்விப்பட்டதும் பேர்னாடும் மரியகொறற்றியும் சந்திப் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார்கள். அவர்களுக்கு முன்னமே ஜாபிர் அங்கே நின்றான். யாரும் கூப்பிடாமல் தானாக வந்து, தூளை விற்றது தான்தான், கோவில் வேலைக்கென்றுதான் அந்தப் பெடியன் வாங்கினான் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். பொறுப்பதிகாரி நீர்கொழும்புக்காரர். அவரும் கத்தோலிக்கர்தான். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. கடைக்காரன் விற்றதைச் சொல்லலாம், எதற்கு வாங்கினான் என்பதைச் சொல்ல முடியாது. வேலை கொடுத்தவர் சொல்ல வேண்டும். பாதர் வந்து தூள் எங்களுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடமே விடுகிறேன். சொல்லாவிட்டால் கிழமை முடிய மேலிடத்துக்கு அனுப்புவேன். அங்கே போனால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

மேலிடம் என்றால் என்னவென்று மரியகொறற்றிக்குத் தெரியும். பக்கத்து வளவு நேசத்தின் மகனை அங்கேதான் கொண்டுபோனார்கள். நேசம் இன்னும் இரண்டு பேருக்குச் சமைக்கிறாள்.

ஒரு வார்த்தைதானே என்று பேர்னாட் நினைத்தான். வாழ்க்கையில் மூட்டையைத் தவிர வேறு எதையும் நிறுத்துப் பார்க்காதவன் அவன். ஒரு வார்த்தை எவ்வளவு பாரம் என்று பங்குச் சுவாமியின் அறைவீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அறைவீட்டு வாசலில் மணி இருந்தது. மணியை அடிக்க நேரம் இருந்தது. நேரம் வந்தபோது சுவாமி தியானத்தில் இருந்தார். தியானம் முடிந்தபோது சாப்பாட்டில் இருந்தார். கடைசியில் விறாந்தைக்கு வந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, திறப்பு சம்பந்தப்பட்ட விசயம் என்றபடியால் அது பங்குச்சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றார். பொலிஸ் நிலையம் தெரிகிற தூரம்தான் சுவாமி, வந்து ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வரலாமே என்று மரியகொறற்றி கெஞ்சினாள். தனியொரு குருவானவர் தன்னிச்சையாக உண்மை சொல்லத் தொடங்கினால் திருச்சபையில் ஒழுங்கு எப்படி இருக்கும் என்று சுவாமி கவலைப்பட்டார்.

பங்குச்சபை கூடியது. ஆரம்பச் செபம். ஒரு பாட்டு. காலஞ்சென்ற உறுப்பினர்களுக்காக மௌனம். சென்ற கூட்டத்தின் அறிக்கை, அதில் ஒரு திருத்தம், திருத்தத்துக்கு ஒரு திருத்தம். தேத்தண்ணிக்கு உபயம் செய்தவருக்கு நன்றி. பேர்னாட் கதவடியில் நின்றான். உறுப்பினர் அல்லாதவர் இருக்கக் கூடாது, கேள்வி கேட்கவும் கூடாது. கேட்டால் பதில் மட்டும் சொல்லலாம் என்பது விதி. அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

செபஸ்தியன் எழும்பிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

“திறப்பு வெள்ளி. அது கல்லில எழுதியாச்சு. வெள்ளித் திறப்புக்குத் தூள் எதுக்கு? எங்களுக்குத் தூள் தேவைப்படேல்லை எண்டா, அந்தப் பெடியன் ஏன் தூள் வைச்சிருந்தவன்? இதை நான் கேக்கேல்லை. பொலிஸ் கேக்கும். அவங்கள் கேக்கிற கேள்விக்கு நாங்கள் ஏன் இடையில போய் நிக்கவேணும்?”

அவருடைய நியாயத்தில் ஓட்டை இல்லை. இருந்திருந்தாலும் புட்டி வைத்து அடைத்திருப்பார்கள். ஒரு வாத்தியார், றேமண்ட் இந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெறாதவன் என்பதைச் சுட்டிக்காட்டினார். இன்னொருவர், பிடிபட்டவர்களுக்காகப் பரிந்து பேசினால் இராயப்பரை வீதியில் கொண்டுபோகிற சுற்றுப்பிரகாரத்துக்குப் பொலிஸ் அனுமதி கிடைக்காது என்றார். அனுமதி என்றதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பேர்னாடுக்குப் பொறுக்கவில்லை. விதியை மீறி, கோபுரத்தில தொங்கினவனை உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டான். சுவாமி சிரித்த முகத்தோடு அவன் பக்கம் திரும்பினார்.

“பேர்னாட், நான் மறுக்கவில்லை. திருச்சபை ஒருவரையும் மறுப்பதில்லை. அது காலம் கனியும்வரை காத்திருக்கும். இரண்டாயிரம் வருடமாகக் காத்திருக்கிறது. றேமண்டும் கொஞ்சம் காத்திருக்கலாம். ஒரு ஆடு காணாமல் போனால் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுத் தேடிப் போ என்று ஆண்டவர் சொன்னார். சரி. ஆனால் திருநாளுக்கு ஆயர் ஆண்டகை வருகிற கிழமையில் நான் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுப் போனால், அவரை வாசலில் நின்று வரவேற்கிறது ஆர்?”

இதற்கு வேதத்தில் பதில் இல்லை என்பதால் சபை தீர்மானத்துக்குப் போனது. ஒன்று, திறப்பு சுத்த வெள்ளி. இரண்டு, தடுத்து வைக்கப்பட்டிருக்கும் அனைவருக்காகவும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பொதுவாக மன்றாடுவது, பெயர் சொல்லாமல். ஏகமனதாக நிறைவேறியது. முடிவுச் செபத்தில் பேர்னாடும் ஆமென் சொல்லிவிட்டான். வாய்ப் பழக்கம். ஒழுங்கையில் இறங்கிய பிறகுதான் தன் வாயை நினைத்து அவனுக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த நாள் பேர்னாட் கடைச் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலைய மதிலோரம் நின்றான். பார்சலை உள்ளே வாங்கவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, நில் என்றார்கள், நின்றான். அப்போது சுவாமி காரில் வந்து இறங்கினார். கூட்டத்தில் சொன்னதெல்லாம் வெறும் பேச்சுத்தான், செயலில் வந்துவிட்டார் பார் என்று நினைத்து, பேர்னாட் கண்ணில் நீரோடு கும்பிட்டான். சுவாமி அவனைக் காணவில்லை.

யன்னல் திறந்திருந்தது. சுற்றுப்பிரகார அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி, ஆண்டகையின் வாகனத்துக்குப் பாதுகாப்பு எல்லாம் கேட்டாகி, தேத்தண்ணியும் குடித்தாகி, பொறுப்பதிகாரிக்குத் திறப்பு முத்தியில் இரண்டாவது இடமும் வழங்கியாகிவிட்டது. புறப்படும்போது பொறுப்பதிகாரியே கேட்டார், கோவிலில் பெயின்ற் வேலை செய்தவன் என்று ஒருவன் பின்னால் கிடக்கிறான், பாதருக்குத் தெரியுமா என்று.

“எங்கள் கோவிலில் பெயின்ற் வேலை ஒன்றும் நடக்கவில்லை,” என்றார் சுவாமி. “எங்களுடைய திறப்பு வெள்ளி.”

பின்னால் கிடந்தவனுக்கு அது கேட்டிருக்கும். அறைக்கும் யன்னலுக்கும் நடுவில் பலகைத் தட்டிதான்.

வேஸ்பர் மாலையில் கோவில் நிரம்பி வழிந்தது. பேர்னாட் போகமாட்டேன் என்றான். மரியகொறற்றி சட்டையை எடுத்து அவன் முன்னால் போட்டாள். “போங்க. போய் அந்தத் திறப்பை நல்லாப் பாருங்க. என்ரை தம்பியைத் தெரியாத திறப்பெல்லே அது.”

முத்தி தொடங்கியது. வழிகாட்டுவதற்காகச் சுவாமியே முதல் முத்தத்தை நீளமாக வைத்தார். நிமிர்ந்தபோது அவருடைய உதடுகள் இரண்டும் வெள்ளி. அடுத்தது செபஸ்தியன், மீசையின் கீழ்ப்பாதியும் வெள்ளி. பொறுப்பதிகாரி சீருடையில் வந்து பக்தியோடு குனிந்தார். செபஸ்தியனின் மனைவியின் சிவப்புச் சாயத்தின் மேல் வெள்ளி ஏறி, வாய் திருநாள் தோரணம் மாதிரி ஆனது. வார்னிஷ் அடிக்காத தூள், தீர்மானம் தெரியாத தூள், வந்த வாயெல்லாம் ஒட்டியது.

ஒவ்வொருவருக்கும் மற்றவரின் வாய் தெரிந்தது. தன் வாய் தெரியவில்லை. சுவாமியின் வாயைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் தைரியம் இல்லை. ஆகவே எல்லாரும் உருக்கமாக இருந்தார்கள். பாட்டுக்காரர் வெள்ளி வாயால் பாடினார்கள். பாதி வரிசை முடிந்தபோது யாரோ சுவாமியின் காதில் குசுகுசுத்தார்கள். சுவாமி விரலால் உதட்டைத் தடவினார், விரலைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார்.

“அன்பார்ந்தவர்களே, கலங்க வேண்டாம். இது புதுமை. இராயப்பர் தம்முடைய திறப்பினாலே இன்று நம் எல்லாருடைய வாயையும் பூட்டி முத்திரையிட்டிருக்கிறார். இந்த முத்திரையைக் காப்பாற்றுவோமாக.”

சனம் சிலுவை போட்டுக்கொண்டது. வெளியே போனவர்களைக் காவலரணில் டோர்ச் அடித்துப் பார்த்த சிப்பாய்கள் குழம்பிப்போனார்கள். வெள்ளி வாயோடு வந்த கிழவர் ஒருவர், உங்கள் பெரியவரின் வாயையும் போய்ப் பாருங்கள் என்றார்; போகவிட்டார்கள்.

பேர்னாடின் முறை வந்தது. அவன் திறப்பைப் பார்த்தான். நடுவில் தூள் உதிர்ந்து புட்டி தெரிந்தது. றேமண்ட் அடைத்த ஓட்டை. ஊரே அவனுடைய கைவேலையை வாயில் பூசிக்கொண்டு, அவனைத் தெரியாது என்கிறது. பேர்னாட் குனியவில்லை.

“கொஞ்சம் தாங்க சுவாமி,” என்று சொல்லி, மூட்டை வாங்குவதுபோல வாங்கினான்.

மா மூட்டை இறக்குகிற கைக்கும் ஆசீர்வதிக்கிற கைக்கும் போட்டி இல்லை. பட்டுத் துணி சுவாமியிடம் மிஞ்சியது. பேர்னாட் திறப்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடுப்பாதையால் நடந்து வெளியே போனான். பாட்டை நிறுத்தச் சொல்லி ஒருவரும் சைகை காட்டாததால் பாட்டு நடந்துகொண்டே இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி மேசையில் இருந்தார். கொன்ஸ்தாபிள்மார் அவருடைய வாயைப் பார்க்காமலிருக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேர்னாட் திறப்பை மேசையில் வைத்தான். பெருவிரலால் அழுத்தித் தேய்த்தான். விரலைக் காட்டினான். பிறகு மரியாதையாக, தள்ளி நின்று, பொறுப்பதிகாரியின் வாயைக் காட்டினான்.

“அந்தத் தூள் இதுதான் மாத்தயா.”

பொறுப்பதிகாரி எழும்பிப் போய் ஜீப் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் பாதரின் தாயாரும் வந்தார். ஆனால் திரும்பி வரும்போது சட்டத்தோடு வந்தார். இது அலுமினியத் தூள். இதை வைத்திருப்பது குற்றம். இந்தப் பொருள் சான்று. புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகும், இரசாயனப் பகுப்பாய்வுக்கும் போகும். கொண்டுவந்தவன் உள்ளே போவான். திறப்பின் கழுத்தில் அட்டை கட்டிக் கதிரையில் வைத்தார்கள். பேர்னாடுக்குச் சீமெந்து நிலம் கிடைத்தது.

பக்கத்தில் றேமண்ட் சுருண்டு கிடந்தான். முகம் வீங்கி ஆளை மாற்றியிருந்தது. அத்தான் என்று கூப்பிட்ட பிறகுதான் அவன்தான் என்று பேர்னாட் நம்பினான். றேமண்ட் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தான், வேறு யாருடையதோ சாமான் மாதிரி.

றேமண்டுக்காகக் கோவிலிலிருந்து ஒரு கால் அசையவில்லை. திறப்புக்காக விடியமுன் மூன்று கார் வந்தது. ஒன்றில் சுவாமி. ஒன்றில் செபஸ்தியன். ஒன்றில் புதுக்கடையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்த, வழக்காடுகிற அப்புக்காத்து, கறுப்புக் கோட்டின் உள்ளே பைஜாமாச் சட்டை. காலையில் ஆண்டகை வருகிறார். திறப்பு இல்லாத இராயப்பரை எப்படி வீதியில் கொண்டுபோவது? வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிற இராயப்பர் பிச்சை கேட்கிறவர் மாதிரி இருப்பார் என்று செபஸ்தியன் பதறினார்.

திறப்பு கோவிலின் சொத்து என்று சுவாமி சொன்னார். எதனால் ஆனது என்று பொறுப்பதிகாரி கேட்டார். சுவாமி செபஸ்தியனைப் பார்த்தார். செபஸ்தியன் அப்புக்காத்தைப் பார்த்தார். வெள்ளி என்றால் தூள் எப்படி வந்தது, விசாரணை முடியும்வரை திறப்பு இங்கேதான் என்று பொறுப்பதிகாரி கதிரையைக் காட்டினார்.

“மரம்,” என்றார் சுவாமி. “பழைய மரம். பூசினது அலுமினியத் தூள். பூசினவன் றேமண்ட். பூசச் சொன்னது நான்.”

அவ்வளவுதான். கம்பிக்குள்ளிருந்து பேர்னாட் கேட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்காமல் சொல்லி முடித்துவிட்டார். வாயிலிருந்து மண்ணெண்ணெய் மணந்தது. வெள்ளி முழுக்கப் போகவில்லை. இந்த நாலு சொல்லுக்காகத்தானா என் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பேர்னாட் கம்பியில் தலையை முட்டிக்கொண்டான்.

கையெழுத்து வைத்து, திறப்பை வாங்கிப் பட்டில் சுற்றிக்கொண்டு, மூவரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள். பொறுப்பதிகாரிதான் பின்னால் நின்று கத்தினார், பாதர், இந்த இரண்டு பேரையும் கொண்டுபோங்கள், இனி இவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று.

இரவு முழுவதும் வீதியில் நின்ற மரியகொறற்றி ஓடி வந்து தம்பியைப் பிடித்தாள். அவளைச் சுற்றிக் கடைசி வரிசைச் சனம். அந்தச் சனத்தைக் கண்டதும் சுவாமியின் முகம் பீடத்து முகமாக மாறியது.

“பார்த்தீர்களா பிள்ளைகளே? இராயப்பரைச் சிறையிலிருந்து வானத்துச் சம்மனசு மீட்டது. இன்று இராயப்பர் இந்த மகனை மீட்டிருக்கிறார். வா மகனே. திறப்பைக் கையில் பிடி. சபைத் தலைவரும் பக்கத்தில் நிற்பார். திருநாள் மலருக்கு ஒரு படம் எடுப்போம்.”

கமரா வந்தது. செபஸ்தியன் தலையை வாரினார். சுவாமி பட்டை விலக்கித் திறப்பை றேமண்டின் கைகளில் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. திறப்பு வழுக்கித் தார் வீதியில் விழுந்தது. விழுந்த இடத்தில் புட்டி பெயர்ந்து, கறையான் தின்ற மரம் மாவாக உதிர்ந்தது.

“டேய், பாத்துப் பிடியன்,” என்று செபஸ்தியன் துள்ளினார். “வெள்ளிச் சாமானெல்லே.”

றேமண்ட் விழுந்ததைப் பார்த்தான். உதடு வெடித்திருந்ததால் மெல்லத்தான் சொன்னான்; ஆனாலும் கடைசியில் நின்றவனுக்கும் கேட்டது.

“வெள்ளி எண்டா விழேக்க சத்தம் வேற மாதிரி ஐயா.”

மரியகொறற்றி அவனைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். பேர்னாட் மற்றத் தோளைக் கொடுத்தான். சனம் ஒதுங்கி வழிவிட்டு, பிறகு அவர்களுக்குப் பின்னால் நடந்தது. ஆண்டகை வர நேரமாகிக்கொண்டிருந்தது. திறப்பை எடுத்துத் தர ஒருவரும் குனியாததால், கிளெமென்ற் சுவாமி அங்கியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தாமே வீதியில் முழங்காலிட்டு, உதிர்ந்த புட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.